பத்து மாடி ஏறுவதாக ஒரு கடிதம்

நான் வேலை பார்ப்பது லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில். அலுவலகம் இரண்டாவது மாடியில். அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. இதைக் கேட்டுச் சிரிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. முதல் வருடம் நானும் சிரித்தேன். தெருவிலிருந்து எங்கள் கதவுவரை முப்பத்து நான்கு படிகள். பதினேழு ஏறினால் முதல் மாடித் திருப்பம், அங்கே சுவரில் கண்ணாடி போட்ட ஓர் அறிவிப்புப் பலகை, அப்புறம் இன்னொரு பதினேழு.

என் மேசை கதவை ஒட்டி இருக்கிறது. போன் எடுப்பது என் வேலை. "எங்க லிஃப்ட் நின்னுபோச்சு" என்று கத்துகிறவர்களிடம் கத்தாமல் பேச வேண்டும். கட்டடத்தின் பெயரை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். எந்த மெக்கானிக் எங்கே போவது என்று முடிவு செய்ய வேண்டும். பதினெட்டு வருடமாக இதையே செய்கிறேன். கதவைத் திறப்பதற்கு முன்பே, படியில் விழும் காலடியை வைத்து, வருவது யார் என்று சொல்லிவிடுவேன். இதை ஒரு திறமை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது.

நான் சேர்ந்தபோது எங்கள் மெக்கானிக் ஒருவருக்குப் பெயர் அணில். ஒல்லியான உடம்பு, தோளில் கருவிப் பை, எந்நேரமும் ஒரு விசில். இரண்டு இரண்டு படியாகத் தாவித்தான் ஏறுவார். முப்பத்து நான்கு படிக்குப் பதினேழு சத்தம், பதினெட்டாவது சத்தம் கதவில் தட்டுவது. அவர் திருப்பத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை.

அந்த வேலைக்கு அப்படிப்பட்ட கால்தான் தேவை. மெக்கானிக்கைக் கூப்பிடுவது லிஃப்ட் ஓடாதபோதுதான். ஓடாத லிஃப்டின் மோட்டார் மொட்டை மாடியில் இருக்கும். அதனால் எட்டு மாடி என்றால் எட்டு மாடியும் காலால்தான். "லிஃப்ட்ல போறதுக்குக் குடுத்துவைக்காத ஒரே ஆள் லிஃப்ட் மெக்கானிக்தாம்மா" என்று அவரே சொல்லுவார். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன், அவர் என்னை அம்மா போட்டுப் பேசுவார். ஒன்பது வயது வித்தியாசம். வேறு சொந்தம் ஒன்றும் இல்லை.

அணில் எப்போது நிதானம் ஆனார் என்று தேதி சொல்ல முடியாது. அவருக்கு ஐம்பத்திரண்டு இருக்கும்போது என்று வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர்கள் போன் செய்து அவரைப் பாராட்டத் தொடங்கினார்கள். பாராட்டுவதற்காக எங்களுக்குப் போன் வருவது அபூர்வம், அதனால் நன்றாக நினைவிருக்கிறது. "உங்க ஆளு ரொம்பப் பொறுப்பானவருங்க. மத்தவங்க மாதிரி விறுவிறுன்னு மேல ஓடல. ஒவ்வொரு மாடியிலயும் நின்னு, கதவு லாக்கைத் தொட்டுப் பாத்து, நிதானமாத்தான் போறாரு." இப்படி ஒருவர் இல்லை, நாலைந்து பேர் சொன்னார்கள். நான் இதை மெக்கானிக்குகளிடம் சொல்ல, அவர்கள் கேலியாக நிதானம் என்று கூப்பிட, பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த வருடம் சிறந்த பணியாளர் என்று கம்பெனி அவருக்குச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தது. "பணியில் காட்டும் நிதானத்துக்காக" என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது.

ஒரு நோயின் அறிகுறிக்குச் சான்றிதழ் கொடுத்த கம்பெனி உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அவர் ஒவ்வொரு மாடியிலும் நின்றது லாக்கைப் பார்க்க அல்ல. ஒரு மாடிக்கு மேல் சேர்ந்தாற்போல் ஏற முடியாததால் நின்றார். சும்மா நின்றால் நன்றாக இருக்காது என்று கையில் கிடைத்த லாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

எங்கள் படியிலும் சத்தம் மாறியது. பதினேழு சத்தம் முப்பத்து நான்கு ஆனது. பிறகு பதினேழு, ஓர் இடைவெளி, மறுபடி பதினேழு. இடைவெளியில் என்ன செய்கிறார் என்று ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். திருப்பத்தில் பலகைக்கு முன்னால் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். மனுஷனுக்கு எதையும் படிக்காமல் தாண்டிப் போக மனசு வராது போல என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். எனக்குக் காது கேட்காது என்றிருந்தால் என்னை நானே மன்னித்திருப்பேன்.

நோயைக் கண்டுபிடித்தது கம்பெனி வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் மருத்துவப் பரிசோதனையில். சம்பிரதாயத்துக்கு நெஞ்சில் குழலை வைக்கிற டாக்டர், அவருக்கு வைத்துவிட்டு எடுக்கவே இல்லையாம். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் கேட்கச் சொன்னாராம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், எக்கோ எடுத்தார்கள். அடுத்த நாள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எனக்கு விளக்கினார்.

"இதயத்துலேருந்து உடம்புக்கு ரத்தம் வெளிய போற வாசல்ல ஒரு வால்வு இருக்காம். அதுக்கு மூணு மடல் இருக்கணும். எனக்குப் பொறக்கும்போதே ரெண்டுதானாம். நூறு பேர்ல ஒருத்தருக்கு இப்படி இருக்குமாம், நெறைய பேருக்குத் தெரியவே தெரியாதாம். வயசாக ஆக சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு மடல் வெறச்சுப்போயிடுது. முழுசா தொறக்க மாட்டேங்குது. உள்ள இருக்கிற தசை முக்கி முக்கித் தள்ளுது."

"மாத்திரை குடுத்தாங்களா?"

"அதையேதான் நானும் கேட்டேன். வால்வ மாத்திரை தொறக்காதுன்னுட்டாங்க டாக்டரம்மா. நேரம் வரும்போது ஆபரேஷன் பண்ணி வேற வால்வு வைக்கணுமாம். அந்த நேரம் எப்பன்னு நான்தான் சொல்லணுமாம்."

அதுதான் அந்த நோயின் சூது. டாக்டரம்மா அவருக்கு ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்திருந்தார். படி ஏறும்போது மூச்சு வாங்குதல். நெஞ்சில் இறுக்கம். தலை சுற்றல் அல்லது மயக்கம். இந்த மூன்றில் ஒன்று வராதவரை காத்திருக்கலாம், ஒன்று வந்துவிட்டால் ஒரு மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது. நடுவில் தவறாமல் எக்கோ எடுக்க வேண்டும், மூச்சை அடக்கிக்கொண்டு பளு தூக்கக் கூடாது, பல்லைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், பல் டாக்டரிடம் போனால் வால்வு விஷயத்தை முதலில் சொல்ல வேண்டும். பல்லில் புகுந்த கிருமி ரத்தத்தில் போய் வால்வில் உட்கார்ந்துகொள்ளுமாம்.

அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சொன்னதையெல்லாம் அட்சரம் பிசகாமல் செய்தார். புது பிரஷ் வாங்கினார், மத்தியானம் சாப்பிட்டதும் அலுவலகத்திலேயே பல் தேய்த்தார். கனமான கருவிகளை இரண்டு பையாகப் பிரித்துக்கொண்டார். அந்த மூன்று வரியை மட்டும் தினமும் படித்துவிட்டு, "எனக்கு எதுவும் இல்லம்மா" என்று மடித்து வைத்தார்.

பொய் சொல்லவில்லை. அதைத்தான் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. அவருக்கு நிஜமாகவே மூச்சு வாங்கவில்லை. மூச்சு வாங்குவதற்கு முன்பே நின்றுவிடுகிறவருக்கு எப்படி வாங்கும்? வேகமாக நடப்பதை விட்டார், பஸ்ஸைத் துரத்துவதை விட்டார், ஒரே மூச்சில் இரண்டு மாடி ஏறுவதை விட்டார். ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், தனக்கே தெரியாமல் விட்டார். விட்டதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு பெரிய நோய் தெரிந்திருக்கும். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

நான் கூட்டிப் பார்த்தேன். சொல்லத்தான் இல்லை.

ஒரு நாள் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார். உதடு வெளுத்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர் கால் மணி நேரம் பேசவில்லை. தண்ணீர் கொடுத்தேன். "வெயில்ம்மா" என்றார். அன்று மேகம் மூடியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மூன்று மாடிக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்துக்கும் அவர் பெயரை ரிஜிஸ்டரில் எழுதவில்லை. உயரமானதெல்லாம் மற்றவர்களுக்கு. இதைப் பற்றி அவரும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒருவன் மட்டும் முறைத்தான். "எல்லா மொட்டை மாடியும் எங்க தலையிலயா? அவர் உங்களுக்குச் சொந்தமா?" என்றான். "ஆமா, அண்ணன்" என்று சொல்லி வாயை அடைத்தேன். அப்போது எனக்கு என்னைப் பற்றி ரொம்ப நல்ல அபிப்பிராயம்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

அந்த இரண்டாவது வருட எக்கோவில் வால்வு இன்னும் சுருங்கியிருந்தது. டாக்டரம்மா அவரை நடைமெஷினில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றார். ஆள் சொல்வதை நம்பாமல், நடக்கவைத்து, மூச்சும் ரத்த அழுத்தமும் எப்படிப் போகின்றன என்று பார்க்கிற சோதனை. அதற்கு இரண்டு மாதம் வரிசை. அதற்குள் ஒரு வழி சொன்னார். இவர் வேலையே படியேறுகிற வேலை என்பதால், ஒரு நாளைக்கு எத்தனை மாடி ஏறுகிறார், சிரமம் உண்டா என்று அலுவலகத்தில் எழுதி வாங்கி வரட்டும், அதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார்.

டாக்டரம்மா அதை எழுதிக் கொடுத்த சீட்டை அண்ணன் என்னிடம் நீட்டினார். "நீங்களே எழுதிடுங்கம்மா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றார்.

அப்போது எங்களுக்குப் புது மேனேஜர் வந்து மூன்று மாதம். மொட்டை மாடிக்கு ஏற முடியாதவன் மெக்கானிக் இல்லை என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். வயதான இரண்டு பேரை அதைச் சொல்லியே வீட்டுக்கு அனுப்பியிருந்தார். நான் டைப் செய்ய வேண்டும், அவர் கையெழுத்துப் போட வேண்டும். உண்மையை எழுதினால் என்ன எழுதுவது? இரண்டு வருடமாக மூன்று மாடிக்கு மேல் ஏறியதில்லை, அதையும் நின்று நின்றுதான் ஏறுகிறார் என்று. மேனேஜர் படித்தால் நிதானத்துக்கு அன்றோடு வேலை இல்லை.

நான் எழுதியது இது: "மேற்படி நபர் நாள்தோறும் சராசரியாகப் பத்து மாடிகள் ஏறி இறங்கும் பணியைச் செய்துவருகிறார். இதில் அவருக்குச் சிரமம் இருப்பதாக எந்தப் புகாரும் இல்லை."

மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நான் அத்தனை பயந்திருக்க வேண்டியதில்லை.

அண்ணனின் வேலை போகக் கூடாது என்பதற்காக எழுதினேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பாதி உண்மை. மூன்று மாடிக்கு மேல் போனதில்லை என்று எழுதினால், அப்படி அனுப்பியது யார் என்ற கேள்வி வரும். ரிஜிஸ்டரில் இருப்பது என் கையெழுத்து. அந்த மற்ற பாதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம்மா. தெனம் பத்து மாடி ஏறி எறங்குறவருக்கு மெஷின் எதுக்கு, அந்த எடத்தை வேற ஆளுக்குக் குடுக்கலாம், ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்லிட்டாங்க." எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன்.

ஐந்தாவது மாதம் ஒரு காலை பத்து மணிக்கு அந்தப் போன் வந்தது. ஒன்பது மாடிக் கட்டடம். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெரியவரும் அவர் மருமகளும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆள் உள்ளே இருக்கிறது என்றால் வேறு எல்லா வேலையையும் போட்டுவிட்டு ஓட வேண்டும், அது எங்கள் தொழிலின் முதல் விதி. மற்ற மெக்கானிக்குகள் எல்லோரும் ஊரின் அந்தக் கோடியில் இருந்தார்கள். நிதானம் மட்டும் என் எதிரில் உட்கார்ந்து கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் போனில் கை வைத்துப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"ஒன்பது மாடிண்ணே."

"ஆள் உள்ள இருக்காங்கள்ல?"

"யாராவது வந்துடுவாங்க, ஒரு மணி நேரம்..."

"பத்து மாடி ஏறுறவன்னு எழுதிக் குடுத்துட்டு இப்ப ஒன்பதுக்குப் பயப்படுறீங்களேம்மா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அங்கே நடந்ததைப் பிற்பாடு காவலாளி சொன்னார். படிக்கட்டு முழுக்கக் குடியிருப்பவர்கள் நின்றிருக்கிறார்கள். முதல் மாடியில் இவர் வழக்கம்போல் நின்று கதவு லாக்கில் கை வைத்ததும், "உள்ள ஆள் செத்துடுவாங்க, இவர் நின்னு கதவத் தடவிக்கிட்டிருக்காரு" என்று ஒருத்தி கத்தியிருக்கிறாள். இவர் ஏறியிருக்கிறார். அடுத்த மாடியில் நிற்கவில்லை. அதற்கடுத்த மாடியிலும் நிற்கவில்லை. பின்னால் இரண்டு பேர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, நடுவில் நிற்காமல் ஐந்தாவது மாடியையும் தாண்டிவிட்டார். ஆறாவது மாடிக்கு இரண்டு படி இருக்கும்போது பின்பக்கமாக விழுந்தார்.

எனக்கு அடுத்து வந்தது புகார்தான். "எந்த மாதிரி ஆளை அனுப்பியிருக்கீங்க? படியிலயே படுத்துட்டான். காலையிலயே குடிச்சிட்டு வந்திருக்கானா?"

"அவருக்கு இதய நோய்ங்க, ஆம்புலன்சைக் கூப்பிடுங்க" என்று கத்தினேன். பதினெட்டு வருடத்தில் நான் போனில் கத்தியது அன்று மட்டும்தான். மறுமுனையில் இருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதய நோய்க்காரனை ஏன் அனுப்புனீங்க?" என்றார். நியாயமான கேள்வி. மாட்டிக்கொண்ட இரண்டு பேரையும் ஒன்றரை மணி நேரம் கழித்து வேறு மெக்கானிக் போய் வெளியே எடுத்தான். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புகார் மட்டும் எழுத்தில் வந்தது.

ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணி, அதாவது அவர் மனைவி, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அண்ணனின் பின்மண்டையில் ஏழு தையல். நினைவு வந்துவிட்டது, உள்ளே படுத்திருந்தார். டாக்டரம்மா கையில் கோப்போடு வெளியே வந்தார். மேலாக என் கடிதம் இருந்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது, எங்கள் கம்பெனித் தாளின் நீலத் தலைப்பு.

"தெனம் பத்து மாடி ஏறுறவர் ஆறாவது மாடியில எப்படி விழுந்தாரு?" என்று அண்ணியைக் கேட்டார்.

"பத்து மாடியா? இவரா?" அண்ணி எழுந்து நின்றார். "எங்க வீட்டு மொட்டை மாடிக்கு இவர் ஏறி ரெண்டு வருஷமாச்சு டாக்டர். துணி காயப்போடுறது நான். கேஸ் சிலிண்டரை உருட்டுறது நான். தண்ணி வாளிகூடத் தூக்க விடமாட்டேன். ராத்திரி ரெண்டு தலகாணி வச்சாத்தான் படுக்கிறாரு."

"இதையெல்லாம் ஏன்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க என்னைக் கேக்கலையே. வயசாகுதுன்னு நெனச்சேன். பளு தூக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, அதான் பாத்துக்கிட்டேன்."

டாக்டரம்மா கோப்பை மூடினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். களைத்துப்போனவர் மாதிரி பேசினார். "மூச்சு வாங்குதான்னு மட்டும் கேட்டது என் தப்பு. போன வருஷம் செஞ்ச எதை இந்த வருஷம் விட்டுட்டீங்கன்னு கேட்டிருக்கணும். வீட்டு ஆளையும் பக்கத்துல வச்சுக் கேட்டிருக்கணும். இந்த லெட்டர் மட்டும் இல்லன்னா மெஷின்ல ஏத்தியிருப்பேன், அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"லெட்டர் டைப் பண்ணது நான்தான்."

அண்ணி மெதுவாகத் திரும்பினார். "உனக்கு இவர் ஏற மாட்டார்னு தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

அதற்கப்புறம் இன்றுவரை அண்ணி என்னோடு பேசியதில்லை. நான் நீட்டிய பழப்பையை வாங்கி, பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் கொடுத்துவிட்டார்.

அந்த வாரமே நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றினார்கள். உலோக வால்வு. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் குறுகிய வாசல் வழியாக ரத்தத்தை முக்கித் தள்ளித் தள்ளி இதயத் தசை தளர்ந்துபோயிருந்தது. புது வால்வு நன்றாகத் திறந்தது, தள்ளுவதற்குத்தான் தெம்பு இல்லை. "முன்னாடியே செஞ்சிருந்தா முழுசா தேறியிருப்பாரு. இனிமே எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. ரத்தம் வால்வில் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை, அளவு சரியாக இருக்கிறதா என்று அடிக்கடி ரத்தப் பரிசோதனை. சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் நிற்க நேரமாகும். தகடும் கம்பியுமாகப் பழகிய கைக்கு அது ஒன்றே போதும், வேலைக்கு முழுக்குப் போட. பிறவியில் வருவது என்பதால் மகளுக்கும் எக்கோ எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார்கள். அவளுக்கு மூன்று மடலும் இருந்தன. அந்தக் குடும்பத்துக்கு அந்த வருடம் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

புகாரை விசாரித்த மேனேஜர் ரிஜிஸ்டரைப் புரட்டி எல்லாவற்றையும் கண்டுபிடித்தார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதையும் நானேதான் டைப் செய்தேன். என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை, ஏனென்றால் எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எப்போது மக்கர் பண்ணும் என்று தெரிந்த வேறு ஆள் அங்கே கிடையாது. யாருடைய வேலையைக் காப்பாற்ற அந்தக் கடிதத்தை எழுதினேனோ, இல்லை, எழுதியதாகச் சொல்லிக்கொண்டேனோ, அவருடைய வேலைதான் மிச்சம் இருந்தது, முடிவு செய்ய. நாலு மாதம் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அந்த நிதானத்தைப் பத்தி மேலிடத்துக்கு ஒரு லெட்டர். இந்தத் தடவையாவது உண்மையை எழுதுங்க."

எழுதினேன். "மேற்படி நபரால் ஒரு மாடிகூட நிற்காமல் ஏற இயலாது. களப்பணிக்குத் தகுதியற்றவர்." இரண்டு வரி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். ஒரு பிழைகூட இல்லை.

அதில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் மத்தியானம் போன் வந்தது. "கீழ இருக்கேம்மா. மேல வர முடியாது." நான் கடிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது, கழுத்துப் பொத்தானுக்குள் தழும்பின் நுனி தெரிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவில் சத்தம் ஓய்ந்த ஒரு கணத்தில், அவர் நெஞ்சுக்குள்ளிருந்து கைக்கடிகாரம் மாதிரி டிக் டிக்கென்று கேட்டது. நான் கேட்பதை அவர் பார்த்துவிட்டார்.

"கேக்குதா? உங்க காது பாம்புக் காதாச்சே" என்று சிரித்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார்.

"அண்ணே, என்னை நாலு திட்டு திட்டிடுங்க" என்றேன்.

"எதுக்கு? அந்த லெட்டரை அன்னைக்கு நானும் படிச்சேம்மா. கவர் ஒட்டல நீங்க. படி எறங்கும்போது இதே எடத்துல நின்னு படிச்சேன்."

"படிச்சீங்களா? பொய்னு தெரிஞ்சுதா? அப்புறம் எதுக்குண்ணே கொண்டுபோய்க் குடுத்தீங்க?"

"படிக்க நல்லா இருந்துச்சு. பழைய அணிலைப் பத்தி யாரோ எழுதின மாதிரி. குடுத்துட்டேன்."

பிறகு கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். நான் தாங்கப் போனேன், வேண்டாம் என்று கையசைத்தார். கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது குரலில் கோபம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

"இதை அன்னைக்கே எழுதியிருந்தீங்கன்னா, வேலை மட்டும்தாம்மா போயிருக்கும்."

சொல்லிவிட்டு, தெருவோரமாக, ஒவ்வொரு கடை வாசலிலும் எதையோ பார்ப்பது போல் நின்று நின்று போனார். மூலை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

படியேறினேன். பதினேழு படி ஏறியதும், இந்தப் பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக, திருப்பத்தில் நின்றேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. அவர் தினமும் நின்று படித்த பலகையில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கண்ணாடிக்குள் ஒரே ஒரு தாள், பழுத்து மஞ்சளாகிப்போயிருந்தது. தீயணைப்புக் கருவியின் அருகில் பொருள்களை வைக்க வேண்டாம் என்று எழுதி, கீழே மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி போட்டிருந்தது. வேறு ஒரு வரி கிடையாது.